அம்மாவின் எடையைக் காலண்டரில் குறியுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு இதயச் செயலிழப்பு. மதுரையில் வைத்தியம் பார்த்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். இனி வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?
– வாசகி, திருச்சுழி

பதில்: முதலில் ஓர் எடை மெஷின் வாங்குங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும், வெறும் வயிற்றில் எடை பார்த்துக் காலண்டரிலேயே குறித்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதை இல்லை, உடம்பில் கோத்த நீர். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்துங்கள். விழுந்த குழி உடனே மறையாவிட்டால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள். கருவாடும் மோர்மிளகாயும் சாத்தூர் சேவும் பழகிய நாக்குக்கு இது பெரிய கஷ்டம்தான், தாயி. ஆனாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் நீங்களாக வாங்கும் வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். அது நீரைத் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சித்திரை வெயிலில் வயிற்றுப்போக்கோ தலைச்சுற்றலோ வந்தால், நீர் மாத்திரையைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். படுத்ததும் மூச்சு முட்டினால் நிமிர்த்தி உட்காரவைத்து, விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.