ரிப்பேர் முடிந்தும் வேன் சூடாகிறதே!

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது டொயோட்டா டவுன்ஏஸ் சீஆர் 27, ‘லொட்டோ’ என்று சொல்வோமே, அந்த டீசல் வேன். காலையும் மாலையும் பாடசாலைப் பிள்ளைகள், இடையில் ஹயர். ரேடியேட்டர் ஒழுகியதால் புதுக் கோர் போட்டு, வாட்டர் பம்ப், ஓஸ் எல்லாம் மாற்றினேன். தர்மோஸ்டாட் இருந்தால்தான் தண்ணீர் தடைப்படும் என்று பாஸ் அதையும் கழற்றிவிட்டார். கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் ஓடும்போது முள் நடுவில் நிற்கிறது. தலவாக்கலை தாண்டி நானுஓயா ஏற்றம் பிடித்தால் சிவப்புக்குப் பக்கத்தில் போகிறது. நிறுத்தி ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதித்துக் கொட்டுகிறது. ஹெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள். கழற்றலாமா?
– வேன் சாரதி, கொட்டகலை

பதில்: இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். அதைவிட முக்கியம், சூடான எஞ்சினில் அந்த மூடியை இனித் திறக்காதீர்கள். முகமும் கையும் வெந்துபோகும். திறந்ததும் கொதித்தது என்பதால் மட்டும் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்று சொல்லவும் முடியாது. நானுஓயா 1,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே வெறும் தண்ணீர் 95 பாகைக்குள்ளேயே கொதித்துவிடும். நல்ல எஞ்சினின் தண்ணீரே ஏற்றத்தில் அந்தச் சூட்டைத் தொடும். மூடி இறுக்கமாக இருக்கும்வரை, பிரஷர் குக்கரில் போல, உள்ளே அழுத்தம் கூடிக் கொதிக்காமல் நிற்கிறது. 0.9 என்று பொறித்த மூடி சரியாகப் பிடித்தால் கொதிநிலை சுமார் 20 பாகை உயரும். ரப்பர் வாசர் வெடித்து, ஸ்பிரிங் தளர்ந்த மூடியென்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. இத்தனை சாமான் மாற்றிய நீங்கள் மூடியை மாற்றியதாக எழுதவில்லை. முதல் செலவு அதற்கே இருக்கட்டும். பழைய மூடியில் உள்ள அதே எண் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது தர்மோஸ்டாட் விஷயம். அது தண்ணீரை மறிக்கும் சாமான், எடுத்துவிட்டால் நன்றாக ஓடும் என்ற எண்ணம் நம் கராஜ்களில் ஊறிப்போயிருக்கிறது. பல டொயோட்டா எஞ்சின்களில் தர்மோஸ்டாட்டின் அடிப்பக்கத்தில் இன்னொரு தட்டு உண்டு. மேல்வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு குறுக்குவழியை மூடும். அப்போதுதான் சூடான தண்ணீர் முழுவதும் ரேடியேட்டருக்குப் போகும். தர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குள் சுற்றிச் சுற்றி வரும். சமதரையில் இது தெரியாது. இரண்டாம் கியரில் ஆள் ஏற்றிக்கொண்டு சுமார் 400 மீட்டர் உயரம் ஏறும்போது தெரிந்துவிடும். எஞ்சின் சூடானாலும் தர்மோஸ்டாட்டை அகற்றக் கூடாது என்று டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கையேடுகளே எச்சரிக்கின்றன.

புதியது வாங்கினால் பூட்டுமுன் சட்டியில் தண்ணீர் வைத்துச் சோதியுங்கள். 82 பாகையில் திறக்கும் வகையென்றால் கொட்டகலையில் கொதிக்கும் தண்ணீரில் நன்றாகவே திறக்கும். 88 பாகை வகை நம் உயரத்தில் முழுதாகத் திறந்து காட்டாது, ஏனென்றால் தண்ணீரே 96 பாகைக்கு மேல் போகாது. அதைப் பழுதென்று கடையில் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு! விளிம்பில் ஆடும் சிறு ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வரவேண்டும். காற்று வெளியேறும் வழி அதுதான்.

அடுத்த சந்தேகம் காற்று. ரிப்பேருக்குப் பிறகு தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினால் ஹெட்டுக்குள்ளும் ஹீட்டர் குழாயிலும் காற்று அடைந்துவிடும். கொள்ளளவைக் கையேட்டில் பார்த்து, எவ்வளவு ஊற்றினீர்கள் என்று அளந்து பாருங்கள். குறைகிற அளவு உள்ளே காற்று. மேட்டுப் பாதைக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. வேனின் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஸ்டார்ட் செய்து மெல்ல மெல்ல ஊற்றுங்கள். கீழ் ஓஸ் சூடாகி, குமிழி நின்ற பிறகே மூடுங்கள். ஊற்றுவது ரோட்டோர ஊற்றுத் தண்ணீராக இருக்க வேண்டாம். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி போதும்.

குமிழி நிற்கவே இல்லையென்றால் அது வேறு கதை. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் மேல் ஓஸ் கல்லாக இறுகினால் எஞ்சினில் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது என்று பொருள். கராஜில் நீலத் திரவச் சோதனை செய்யச் சொல்லுங்கள். நிறம் மாறினால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். உங்கள் 2சி எஞ்சினின் ஹெட் அதிகச் சூட்டில் வெடிப்பு விடுவதற்குப் பேர்போனது. அதனால் கெஸ்கட்டை மட்டும் மாற்றிப் பூட்டாமல் ஹெட்டை அழுத்தச் சோதனைக்கும் கொடுங்கள்.

இன்னும் இரண்டை ஒரு பார்வையில் முடித்துவிடலாம். விசிறியைச் சுற்றியுள்ள வட்டக் கூட்டை ரிப்பேரின்போது பூட்டாமல் விட்டிருக்கிறார்களா? எஞ்சின் நின்றபின், சூட்டோடு விசிறியைக் கையால் தள்ளினால் தடையில்லாமல் சுழல்கிறதா? சுழன்றால் விசிறிக் கிளச்சும் போய்விட்டது. மெதுவாக ஏறும் வண்டிக்குக் காற்றைக் கொடுப்பது அந்த விசிறிதான். ஊர் குளிர் உதவாது.

மூடி, தர்மோஸ்டாட், காற்று எடுத்தல் மூன்றும் முடிந்தபின் ஆள் ஏற்றாமல் நானுஓயா வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். முள் அப்போதும் ஏறினால் திரவச் சோதனைக்குக் கொடுங்கள். அதுவரை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த ஏற்றம் வேண்டாம்.