நோயாளியின் உள்ளத்தையும் விசாரிப்போம்

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்ற முஸ்லிமுக்குச் செய்யவேண்டிய கடமைகளில் ஒன்று. பழங்களை வாங்கிக்கொண்டு போகிறோம். இரண்டு வார்த்தை பேசித் திரும்புகிறோம். அவருடைய உள்ளம் எதற்கு ஏங்குகிறது என்று கேட்கிறோமா? அதைக் கேட்டறியும் முறையைத் தாதியர் இன்று பாடமாகவே படிக்கிறார்கள்.

இது நமக்குப் புதிதன்று. மதீனாப் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்துக் காயமுற்றோரைப் பேணியவர் ருஃபைதா (ரலி) அம்மையார். அகழ்ப்போரில் புண்பட்ட ஸஅது இப்னு முஆது (ரலி) அவர்களை அங்கேதான் சேர்த்தார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காலையும் மாலையும் அவரிடம் நலம் கேட்டார்கள்.

லண்டனில் 1967-இல் செயிண்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், உடல்வலியோடு மனக்கவலை, குடும்பக்கவலை, ஆன்மத்துயர் எல்லாம் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்று விளக்கினார். 1996-இல் அமெரிக்க டாக்டர் கிறிஸ்டினா புக்கால்ஸ்கி நான்கு விஷயங்களைக் கேட்கும் முறையை வகுத்தார்:

1. உங்களுக்குப் பலம் தரும் நம்பிக்கை எது?
2. இந்த நோயில் அது எவ்வளவு முக்கியம்?
3. உங்களுக்குத் துணைநிற்பவர்கள் யார்?
4. இவ்விஷயத்தில் நாங்கள் என்ன செய்யவேண்டும்?

'சீட்டில் இஸ்லாம் என்று எழுதியிருக்கிறதே, பிறகு கேள்வி எதற்கு?' என்று சிலர் நினைக்கலாம். அரிசி என்று கேட்டவருக்கு, எந்த அரிசி, எத்தனை கிலோ என்று கேளாமலா நிறுத்துப் போடுகிறோம்?

சிறுநீர்க் குழாய் பொருத்திய ஒரு பெரியவரை எண்ணிப் பாருங்கள். 'நான் சுத்தமில்லை, தொழக்கூடாது' என்று தாமே முடிவுகட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பி அழுகிறார். கேளாத தாதி, வலி என்று எண்ணி மருந்து கொடுப்பார். கேட்டவருக்கோ உண்மை தெரியும். தாதி ஃபத்வா சொல்ல வேண்டியதில்லை; ஓர் ஆலிமை வரவழைத்தால் போதும். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம். நீர் ஆகாதவருக்குத் தயம்மும் உண்டு. குழாய் பொருத்தியவருக்கும் சலுகை உண்டு என்று அவர் எடுத்துச் சொல்வார். பெரியவர் மனம் ஆறும்.

இன்னொருவர் மாத்திரை உறையில் ஹராம் கலந்திருக்குமோ என்று அஞ்சி, அதை விழுங்காமல் ஒளித்து வைப்பார். நம் போன்ற வியாபாரிக்கோ கொடுக்கவேண்டிய கடனும், பிறர் ஒப்படைத்த அமானிதமும் தூக்கத்தைக் கெடுக்கும். அவருக்கு வேண்டியது தூக்க மாத்திரையன்று. வஸிய்யத் எழுத ஒரு தாளும் இரண்டு சாட்சிகளும்.

பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மலாய் பேசி வியாபாரம் செய்தவரும் வேதனையில் தமிழில்தான் முனகுவார். மலாய் மொழியில் கேட்கும் தாதிக்கு அது விளங்காது. ஆகவே வீட்டார், மருத்துவமனையில் சேர்த்த அன்றே நான்கு விவரங்களைத் தாதியிடம் சொல்லவேண்டும்: நோயாளியின் மொழி, தொழுகைக்கு வேண்டிய உதவி, உணவு மருந்து பற்றிய ஐயம், அழைக்கவேண்டிய தமிழ் ஆலிமின் தொலைபேசி எண். ஜமாஅத்தாரும் அப்படி வரக்கூடிய ஆலிம்களின் பெயர்களைத் திரட்டிப் பள்ளிவாசலில் எழுதி வைக்கவேண்டும்.

கேட்பதற்குக் காசு செலவில்லை. கேளாமல் விட்டால், ஒருவர் தம் கடைசி நாட்களைத் தொழுகையின்றியே கழித்துவிடக் கூடும். அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.