நான்கு பல்லுக்கு இரண்டு திருகு போதும்

அன்புள்ள கிள்ளான் வாசகி அம்மாவுக்கு,

கீழ்முன்பற்கள் நான்கும் ஆடி விழுந்துவிட்டன, பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில் நான்கு இம்பிளான்டுக்கு விலை சொல்கிறார்கள், போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

நான்கு எதற்கம்மா? கீழ்முன்பல் ஒவ்வொன்றும் ஐந்து, ஐந்தரை மில்லிமீட்டர் அகலம்தான். இரண்டு இம்பிளான்ட் திருகுகளுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் எலும்பாவது வேண்டும். நெருக்கி நட்டால் அந்த எலும்பு கரையும். ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு நட்டு, மேலே நான்கு பல் பிரிட்ஜ் வைப்பதே பெரும்பாலும் நல்லது. செலவும் குறையும், சுத்தம் செய்யவும் லேசு.

எலும்பின் கெட்டித்தன்மை பற்றிக் கவலை வேண்டாம். தாடையிலேயே கெட்டியான இடம் கீழ்முன்பக்கம்தான். சுவீடன் மருத்துவர் பிரானமார்க் 1965-இல் முதன்முதலாக ஒருவருக்கு டைட்டானியம் திருகு வைத்ததும் கீழ்த்தாடையில்தான். அந்த மனிதர் நாற்பது ஆண்டுக்குமேல் அதை வைத்துச் சாப்பிட்டார். ஆனால் இங்கே எலும்பு ஒல்லி. துளை தவறி நாக்குப் பக்கம் வெளியேறினால் அங்குள்ள ரத்தக்குழாய் அறுந்து வாய்த்தளம் வீங்கும், மூச்சே அடைக்கலாம். அரிதுதான், ஆனாலும் முப்பரிமாண ஸ்கேன் எடுக்காமல் துளையிட விடாதீர்கள்.

பற்கள் தாமாக ஆடி விழுந்தன என்றீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அது பெரும்பாலும் ஈறு நோயின் வேலை. எச்சில் குழாயின் வாய் கீழ்முன்பற்களின் பின்னால் இருப்பதால் பற்காரை அங்கேதான் அதிகம் படியும். இனிப்பு நீர் இருந்தால் ஈறு இன்னும் சீக்கிரம் கெடும், திருகு எலும்போடு ஒட்டுவதும் தடுமாறும். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. ஆகவே முதலில் மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பாருங்கள், ஈறைச் சரிசெய்யுங்கள். எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்தால் பல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அதுவரை அரசு பல் கிளினிக்கில் கழற்றி மாட்டும் பல் செட் போட்டுக்கொள்ளலாம். அதில் வெட்கம் என்ன? இரண்டாவது கருத்துக்கு மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் புலம் இருக்கிறது. கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல் வந்து எல்ஆர்டி மாறிப் போகலாம்.

யாரிடம் போனாலும், அவர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிந்தவரா என்று பாருங்கள். ஸ்கேனும் சர்க்கரை அளவும் பார்க்காமல் முன்பணம் கேட்பவருக்கு ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்