புழக்கடைக்கு ஓராண்டு அவகாசம்

சிரஞ்சீவி பேத்திக்குத் தாத்தா ஆசீர்வதித்து எழுதுவது. உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது.

கொடுங்கையூர் வீட்டுக்குக் குடிபோன கையோடு, புழக்கடை முழுவதற்கும் சிமெண்டுத் தளம் போட்டு, மேலே தகரம் வேய்ந்து, இரண்டு வண்டிகளையும் அங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை சொல்வதாகவும், அதில் என் அபிப்பிராயம் என்ன என்றும் கேட்டிருக்கிறாய். வீடு இப்பொழுது உங்களுடையது. எங்கே எதைக் கட்டுவது என்பதில் வயதான ஒருவன் வேற்றூரில் உட்கார்ந்துகொண்டு தடையுத்தரவு போடுவது முறையாகாது. ஆனால் கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் நழுவுவதும் முறையல்ல ஆதலால், அந்தத் துண்டு நிலம் ஒரு சிறு குடும்பத்துக்கு எவ்வகைச் சந்தோஷங்களைத் தரவல்லது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

"இந்த ஊரிலா தோட்டம், தாத்தா?" என்று நீ கேட்பாய், அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. சென்னைப் பட்டணத்தின் வடபாதி வேண்டாமென்று கழித்த குப்பையெல்லாம் பல பத்தாண்டுகளாக வந்து குவிந்து, ஏறக்குறைய 340 ஏக்கர் பரப்பில் மேடிட்டு, அவ்வப்போது தீப்பற்றிப் புகைந்து, காற்று திசைமாறும்போதெல்லாம் வீட்டுக்குள் வந்து விசாரித்துவிட்டுப் போகிற ஊர் அது. 66 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட அந்தப் பழங்குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்தெடுக்கும் பெருவேலையை மாநகராட்சி கையில் எடுத்திருக்கிறது. வடகிழக்கே மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், அதற்கும் அப்பால் எண்ணூரின் அனல்மின் நிலையங்களும் இருக்கின்றன. இத்தகைய ஊரில், ஆற்றங்கரைக் கிராமத்தில் செய்வதுபோல், கண்ட இடத்தில் கொத்தி விதையைத் தூவிவிட்டுச் சும்மா இருக்க முடியாதுதான்.

ஆகையால் என் முதல் புத்திமதி மண்ணைப் பற்றியது. வீட்டு மண்ணை நம்பிப் பயிரிடாதே. பழைய தரைமேல் செங்கல்லைப் பரப்பி, ஓர் அடி உயரத்துக்கு வரப்புக் கட்டி, நல்ல செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்று கலந்து நிரப்பிப் புதிய பாத்தி அமைத்துக்கொள். அது முடியாவிட்டால் தொட்டிகளும் சாக்குகளும் போதும். குப்பைமேட்டு ஓரத்திலும் கால்வாய்க் கரையிலும் தானாக முளைத்துத் தளதளவென்று நிற்கும் கீரையைக் கண்டு ஒருபோதும் மயங்காதே. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை மண்ணிலிருந்து உறிஞ்சி இலையில் சேர்த்துவைப்பதில் கீரைக் குலம் மகா சாமர்த்தியம் உடையது. அதன் பசுமை அதன் யோக்கியதைக்குச் சாட்சியாகாது. எந்த மண்ணில் விளைந்தது, எந்த நீரைக் குடித்தது என்று தெரிந்து உண்பது பிற ஊர்க்காரர்களுக்கு ஒரு விருப்பமாக இருக்கலாம். கொடுங்கையூர்க்காரர்களுக்கோ அது சாப்பாட்டின் முதல் இலக்கணம்.

மண் அமைந்தபின், முதன்முதலில் ரோஜாவையும் மாதுளையையும் தேடிப் போகாமல், முளைக்கீரை விதையைப் பொடிமணலோடு கலந்து தூவு. நான்காம் ஐந்தாம் நாளில் செந்நிறமும் பச்சையுமாக மெல்லிய வரி ஒன்று மண்மேல் எழுந்து நிற்பதை, காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு காலை வேளையில் நீ பார்ப்பாய். சம்பளம் உயர்ந்த செய்தியிலும் அந்த வகைச் சந்தோஷம் இராது. நாலு வாரம் போவதற்குள் அது குழம்புச்சட்டிக்கு வந்துவிடும். சிரத்தைக்குப் பலன் உண்டு என்ற நம்பிக்கை, பொறுமை பழகாத இளம் மனசில் வேரூன்ற இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது. அரைக்கீரையையோ வேரோடு பிடுங்காமல் அறுத்தெடுத்தால் மீண்டும் மீண்டும் தழைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

விரைவைக் கீரையிடம் கற்றபின், காத்திருத்தலை அவரையிடம் கற்றுக்கொள். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பார்கள். ஆடியில் ஊன்றிய கொடியவரை ஆவணி புரட்டாசியெல்லாம் பந்தலில் இலையாகவே படர்ந்து, பூவுக்கு ஓர் அறிகுறியும் காட்டாது. பக்கத்து வீட்டார் "மலட்டுக் கொடி, வெட்டிப்போடுங்கள்" என்று யோசனை சொல்வார்கள், நீ கேட்காதே. பகற்பொழுது குறுகுவதை உணர்ந்த பிறகே பூக்கும் சுபாவம் நம் பழைய கொடியவரைகளுக்கு உண்டு. மழைக்காலம் தணிந்து பனி இறங்கும் நாளில் கொத்துக்கொத்தாய்ப் பூத்து, தைப் பொங்கலுக்குக் காய்த்துக் குலுங்கும். அசுவினி மொய்த்தால் வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து தெளித்தால் போதும். கடுமையான மருந்துக்கு அவசியமில்லை.

இனிக் கோழி விஷயம். முட்டைக்காக மட்டும் என்றால் கடைக்குப் போய்வருவதே லாபம். கோழியை வளர்ப்பது அதன் சகவாசத்துக்காக. நான்கு பெட்டைகள் இருந்தால் ஒன்றுக்கொன்று குணம் ஒத்திராது: ஒன்று எல்லாவற்றையும் முந்திக் கொத்தும், ஒன்று ஒதுங்கி நிற்கும், ஒன்று கல்யாண வீட்டுச் சம்பந்தியம்மாளைப்போல் காரணமின்றிக் கோபித்துக்கொண்டு மூலையில் போய் உட்காரும். மாலையில் அலுவலகத்திலிருந்து வந்து ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு கால்மணி நேரம் இந்த நாடகத்தைப் பார்த்தாயானால், பகலில் மேலதிகாரி சொன்ன சொல் எங்கே போயிற்றென்று தெரியாது.

நான்கு போதும், சேவல் வேண்டாம். சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், அடைவைத்துக் குஞ்சு பொரிக்கத்தான் சேவலின் தயவு தேவை. சுவருக்குச் சுவர் ஒட்டிய தெருவில், இராத்திரி ஷிப்ட் முடிந்து மணலியிலிருந்து வந்து கண்ணயரும் அண்டை வீட்டுக்காரரை விடியலில் கூவி எழுப்பும் உரிமை நமக்குக் கிடையாது. கூண்டைத் தரையிலிருந்து இடுப்புயரம் தூக்கிக் கட்டு. பெருச்சாளிக்கும் பூனைக்கும் அஞ்சி மட்டுமன்று, வெள்ளத்துக்கு அஞ்சியும் சொல்கிறேன். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னைத் தெருக்களில் நீர் எவ்வளவு உயர்ந்து, எத்தனை நாள் நின்றது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். கத்திரி வெயிலில் கூண்டின்மேல் ஈரச்சாக்கைப் போட்டு, குளிர்ந்த நீரை வேளைக்கு வேளை மாற்று. கோழிக்கு வியர்வை இல்லை, அலகைத் திறந்து மூச்சிரைத்தே அது தன் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பாத்திக்குச் சொன்ன விதி கோழிக்கு இன்னும் கண்டிப்பானது. குப்பை எரியும் புகையில் பிறக்கும் டயாக்ஸின் என்ற விஷம் மண்ணில் படிந்தால் எளிதில் அழிவதில்லை. அந்த மண்ணைக் கிளறித் தின்னும் கோழியின் முட்டையில், மஞ்சள் கருவின் கொழுப்பில் அது போய்த் தங்கிவிடுகிறது என்று பல தேசங்களில் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். ஆதலால் அவிழ்த்துவிட்ட கோழிதான் ஆரோக்கியமான கோழி என்ற பொதுவான பேச்சு உன் தெருவுக்குப் பொருந்தாது. கம்பிவலை அடைத்த இடத்தில், சிமெண்டுத் தரைமேல் புதுமண்ணும் உமியும் பரப்பி, அதில் கிளறவிடு. மாப்பிள்ளையின் சிமெண்டு ஆசைக்கு இந்த ஒரு மூலையை நான் மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன்!

தீனிக்குக் கம்பும் நொய்யும் கீரைத்தண்டும் கொடு. ஓடு உறுதிப்படக் கிளிஞ்சலைப் பொடித்து வை. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை மட்டும், மலிவாய்க் கிடைத்தாலும், தொடாதே. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மாண்டதற்குக் காரணம் தேடப்போய், பூசணம் பாய்ந்த கடலைப் புண்ணாக்கின் விஷத்தைக் கண்டுபிடித்தார்கள். வெள்ளைக் கழிச்சலுக்கு, அதாவது ராணிக்கேத் நோய்க்கு, குஞ்சு பிறந்த முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டு வார வயதில் ஊசியும் அவசியம். வந்தபின் வைத்தியம் இல்லாத வியாதி அது. உன் வீட்டிலிருந்து மாதவரம் எட்டிப்பிடிக்கும் தூரம். 1989-இல் தொடங்கிய கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. எந்த இனம் நல்லது, நந்தனம் கோழி உனக்குச் சரிப்படுமா என்பதையெல்லாம் அக்கம்பக்கத்து வதந்தியை விட்டு, அங்கே விசாரித்துத் தெரிந்துகொள்.

பாத்தியும் கூண்டும் வந்து சேருமிடம் அடுப்பங்கரை. பெரிய தொட்டியில் ஒரு முருங்கையை இடுப்புயரத்தில் நுனி கிள்ளிக் கிள்ளி வளர்த்து வை. ஞாயிற்றுக்கிழமை காலையில், நல்லெண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, சின்ன வெங்காயமும் கிள்ளிப்போட்ட மிளகாயும் வதங்கியபின், அப்பொழுதுதான் உருவிய கீரையைப் போட்டு, நிறம் மாறாமல் வெந்து ஈரம் சுண்டுகிற பக்குவத்தில் இரண்டு முட்டைகளை உடைத்து ஊற்றிக் கிளறி இறக்கு. சுடுசோற்றில் ரசத்தோடு சாப்பிட்டுப் பார். தோட்டம், கூண்டு, அடுப்பு என்ற மூன்று பிரயாசைகளும் ஒரே கவளத்தில் ஒன்றுபடுவதை நாக்கே உனக்கு விளக்கும். மாப்பிள்ளையும் கரண்டி பிடிக்கட்டும். சமையல் ஒருத்தியின் கடமையாகிவிட்டால் சுமை, இருவரின் பொழுதானால் சுகம்.

வீட்டுச் சமையல் என்றதும் வெளிச் சுவையையெல்லாம் வெறுக்கச் சொல்கிறேன் என்று எண்ணாதே. 1960-களில் பர்மாவைவிட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல பக்கத்து வியாசர்பாடியில் குடியேறி வாழ்கின்றன. அவர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸையும், மீனும் வாழைத்தண்டும் சேர்ந்த மொய்ங்காவையும் வண்டிக்கடையில் ஆசை தீரச் சாப்பிடு. பிறகு அந்த வீட்டுப் பெரியம்மாள் ஒருத்தியைச் சிநேகம் பிடித்து, ஆறு முட்டையும் ஒரு கட்டுக் கீரையும் கொடுத்து, பக்குவத்தைக் கேட்டு வா. காசு கொடுத்து வாங்க முடியாத பல விஷயங்கள் ஒரு கட்டுக் கீரைக்குக் கிடைக்கும்.

இனி மிச்சத்தின் கதை. அரிசி கழுவிய நீர் பாத்திக்கு. கீரைத்தண்டும் காய்த்தோலும் கோழிக்கு. கோழி ஒதுக்கியதும் அதன் எச்சமும் உலர்ந்த சருகோடு சேர்ந்து மூடிய தொட்டிக்கு. கோழி எச்சத்தில் தழைச்சத்து மிகுதி. பச்சையாகப் போட்டால் வேர் கருகும். இரண்டு மூன்று மாதம் மட்கவிட்டால் மண்வாசனை வீசும் எருவாகிவிடும். காசிமேட்டில் வாங்கிய மீனின் குடலையும் செதிலையும்கூட, சம எடை வெல்லத்தோடு இறுக மூடி 21 நாள் வைத்து, வடித்த சாற்றை லிட்டர் தண்ணீருக்குச் சிறிதளவு கலந்து செடிக்குத் தெளிக்கலாம். தோட்டத்தைத் தனியாக வைத்தால் நீர் சுமக்கும் வேலை. கோழியைத் தனியாக வைத்தால் நாற்றம் கூட்டும் வேலை. சமையலைத் தனியாக வைத்தால் தினசரி அலுப்பு. மூன்றையும் சேர்த்து நடத்தினால், ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகி, பாரமும் பாதியாகிறது, ருசியும் இரட்டிக்கிறது. இந்தக் கடிதத்தில் நான் வற்புறுத்த விரும்பும் விஷயம் இது ஒன்றே.

இதனால் குப்பைமேடு குறைந்துவிடும் என்று உன்னை ஏமாற்றமாட்டேன். உன் வீட்டு வாழைப்பழத்தோல் வராததை அந்த மலை கவனிக்காது. அதைக் குறைப்பது அரசாங்கத்தின் கடமை, அதைக் கேட்டு நிற்பது ஊராரின் கடமை. புழக்கடையைக் கடமைக்காகச் செய்யாதே, சந்தோஷத்துக்காகச் செய். அதேபோல் லாபத்துக்காகவும் செய்யாதே. நான்கு கோழி நாற்பதானால், நீ பெயர் சொல்லி அழைத்தவை கணக்குப் புத்தகத்தில் எண்களாகிவிடும். அளவு சிறியதாக இருப்பதே இந்தச் சுகத்துக்குக் காவல்.

ஆகவே மாப்பிள்ளையிடம் இப்படிச் சொல்லிப் பார். வண்டிகளை இப்போதைக்கு முன்வாசலில் நிறுத்திக்கொள்ளலாம். வருகிற ஆடியில் அவரை ஊன்றி, அடுத்த ஆடி வரையில் அந்த நிலத்துக்கு ஓராண்டு அவகாசம் கொடுங்கள். அதன் பிறகும் சிமெண்டுதான் சௌகரியம் என்று இருவருக்கும் ஒருமித்துத் தோன்றினால், கொத்தனாரை அழையுங்கள். கூலியில் பாதியை நானே அனுப்புகிறேன். எப்பொழுது வேண்டுமானாலும் போடக்கூடியது தளம். போட்டபின் பெயர்ப்பதற்குத்தான் ஒருவருக்கும் மனசு வருவதில்லை.

இப்படிக்கு,
உன் நலம் கோரும்
தாத்தா