பெரகலயிலிருந்து மலையில் நடக்கப் போகிறீர்களா? துவக்கு வேண்டாம், இதைச் செய்யுங்கள்

பெரகல சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, முதுகில் பையோடு நடக்கத் தொடங்கும் இளைஞர்கள் இப்போது அதிகம். மேலே அப்புத்தளை, கீழே கொஸ்லந்தையும் தியலும அருவியும், மேற்கே ஹல்துமுல்லை தாண்டிப் பம்பரகந்தை. கண்டியில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதையும், 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தன் 22 பகுதிகளில் சிலவற்றை அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களுக்கூடாகத்தான் வைத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் உறவுக்காரப் பிள்ளைகள் புறப்படுமுன் கேட்பது ஒன்றுதான்: “மாமா, சிறுத்தை வந்தா என்ன செய்ய? ஒரு துவக்கு எடுத்துட்டுப் போக ஏலாதா?”

ஏலாது. எடுத்துப் போக முடிந்தாலும் உதவாது. இரண்டுக்கும் காரணம் உண்டு.

முதலில் சட்டத்தைப் பாருங்கள். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். பயிர்ப் பாதுகாப்புக்காக விவசாயிக்குக் கிடைக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் ஆண்டுதோறும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். சுற்றுலா நடைக்கு யாரும் அனுமதி தரப்போவதில்லை. ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காவுக்குள் துப்பாக்கியோடு நுழைவது, 1937ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தனிக் குற்றம். சிறுத்தையும் யானையும் அதே சட்டத்தால் காக்கப்பட்டவை.

இனி, சட்டத்தை ஒதுக்கிவைத்துக் கணக்குப் போடுவோம். சிறுத்தை மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். நொடிக்கு 15 மீட்டர். தேயிலை மலையில் உங்கள் கண் எட்டும் தூரம் பல இடங்களில் அவ்வளவு கூட இல்லை. தோளிலிருந்து துவக்கை இறக்கி, விசையைத் தொடுமுன் எல்லாம் முடிந்திருக்கும். அலாஸ்காவில் கரடிகளோடு ஏற்பட்ட 269 மோதல்களை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது: கையில் துப்பாக்கி இருந்தவர்களில் சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் நோர்வேயின் ஸ்வால்பார்டில், குடியிருப்பைத் தாண்டினால் பனிக்கரடியை விரட்ட ஏதாவது கையில் இருந்தே ஆக வேண்டும். அந்தக் கரடி மனிதனை இரையாகவும் பார்க்கும். நம் மலைச் சிறுத்தையோ மனிதனைக் கண்டால் விலகிப்போகிறது. இந்தத் தீவில் ஆட்கொல்லியாகப் பெயர்பெற்ற சிறுத்தை கிழக்கே புனானையில் திரிந்தது. குறைந்தது 12 பேரைக் கொன்ற அதை 1924இல் சுட்டார்கள். நூறு ஆண்டுகளாகியும் அந்த ஒன்றைத்தான் உதாரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த படியை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன்: காட்டில் ஏற்கனவே இருக்கும் துவக்குக்குப் பயப்படுங்கள். காட்டுப்பன்றிக்காகத் தோட்ட ஓரங்களில் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். பன்றி போகும் ஒற்றையடிப் பாதைக்குக் குறுக்கே கயிறு இருக்கும்; கால் பட்டால் வெடிக்கும். பன்றியின் நெஞ்சு உயரம் மனிதனின் முழங்காலும் தொடையும். சுருக்குக் கம்பி, ஹக்கபட்டாஸ் என்ற வெடியுருண்டை, இவையும் அதே இடங்களில்தான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்தில் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தை, சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அவ்வளவு அரிய உயிரை ஒரு முழக் கம்பி கொன்றது. நினைத்தால் இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை.

ஆகவே குறுக்குவழி என்று கைப்பேசி காட்டும் தடத்தில் இறங்காதீர்கள். கொழுந்து பறிப்பவர்கள் தினமும் நடக்கும் பாதையில் நடங்கள். லயத்தில் நிறுத்தி, “அக்கா, இந்தப் பக்கம் போகலாமா?” என்று கேளுங்கள். எந்த மலையில் சிறுத்தை குட்டி போட்டிருக்கிறது, எங்கே குளவிக்கூடு தொங்குகிறது, எந்தக் கானுக்கு அப்பால் இரவில் ஆள் நடமாட்டம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். முடிந்தால் அந்தத் தோட்டப் பிரிவிலிருந்தே ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிச் செல்லுங்கள். துவக்குக்குச் செலவழிக்க நினைத்த பணத்துக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு கிடைக்காது. கம்பியில் சிக்கிய விலங்கைக் கண்டால் கிட்டப் போகவே வேண்டாம். தோட்ட அலுவலகத்துக்கோ வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ சொல்லுங்கள். கூட்டம் சுற்றி நிற்கும்போது கம்பியை அறுத்துக்கொண்டு பாயும் சிறுத்தைதான் ஆட்களைக் கிழிக்கிறது.

நேரத்தையும் நீங்களே தெரிவு செய்யலாம். சிறுத்தை அந்தியிலும் இரவிலும் விடியற்காலையிலும் நடமாடும். வெயில் ஏறிய பின் புறப்பட்டு, மாலை நான்கு மணிக்குள் தங்குமிடம் சேருங்கள். மூன்று நான்கு பேராக, பேசிக்கொண்டே நடங்கள். நல்ல டோர்ச்சும் உறுதியான தடியும் போதும். நாயைக் கூட்டிப் போகாதீர்கள். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை.

எதிரே கண்டுவிட்டால் ஓடக்கூடாது, குனியக்கூடாது, முதுகு காட்டக்கூடாது. நிமிர்ந்து நின்று, பையைத் தலைக்கு மேல் தூக்கி, உரத்துப் பேசியபடி பின்னால் அடியெடுத்து வையுங்கள். குட்டி தெரிந்தால் படம் எடுக்க நிற்காமல் வந்த வழியே விலகுங்கள்.

கொஸ்லந்தையைத் தாண்டி வெல்லவாயப் பக்கம் இறங்கினால் கதை வேறு. அங்கே யானை உண்டு, வறண்ட காட்டில் கரடியும் உண்டு. இலங்கையில் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்டோர் யானையால் இறக்கிறார்கள். அந்தப் பகுதியில் நடைப்பயணத்தை நிறுத்தி பஸ் ஏறுவதே என் முடிவான ஆலோசனை.

மலையில் உண்மையாகவே ஆளை வீழ்த்துபவை சிறியவை. கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தி வராத மாதம் அரிது. கூட்டைக் கண்டால் புகை, வாசனைத் தைலம், சத்தம் எதுவும் வேண்டாம். கிளம்பிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு கட்டடத்துக்குள் ஓடுங்கள், கையால் அடிக்காதீர்கள். பாம்புக்கு முழங்கால் வரை மறைக்கும் பூட்ஸ் போடுங்கள். சருகுக்குள் கிடக்கும் குணகட்டுவ என்ற சின்ன விரியன் கடித்தால், இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து அதற்கு வேலை செய்யாது. ஆனாலும் வைத்தியர்கள் செய்ய வேண்டியது நிறைய உண்டு. கட்டுப்போட்டு இறுக்காமல், கீறாமல், தியத்தலாவை ஆஸ்பத்திரிக்கோ பதுளைக்கோ போங்கள். நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்குப் போங்கள்.

வானத்தையும் கவனியுங்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகப் பேர்போன, பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் றொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி தொடங்குமுன் மலைமுகட்டை விட்டு இறங்கிவிடுங்கள்.

கடைசியாக, புறப்படுமுன் போகும் தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், வழியிலுள்ள பாடசாலை அல்லது கோயிலின் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். ஒரு பிரதியை வீட்டில் கொடுங்கள். 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்கும்போது, “தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிறோம்” என்றால் அவர்களுக்கு வழி தெரியாது. பிரிவின் பெயரைச் சொன்னால் சாரதி எந்தத் தோட்ட ரோட்டில் திரும்புவது என்று அறிந்து வருவார்.