ஏழை சொல்லும் அம்பலமும்

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி. சொல்லிலே குற்றம் இருப்பதால் அது ஏறாமற் போவதில்லை. சொல்பவனுக்கு அம்பலத்தில் இடமில்லை, ஆகவே ஏறுவதில்லை. பொருளுள்ளவர்க்கு இடம் கிடைக்கிறது. இடம் கிடைத்தவர்க்குச் சட்டமும் துணை நிற்கிறது. இவ்வுண்மையைப் பிற நாட்டுச் சரித்திரத்தில் தேட வேண்டியதில்லை. நாம் தொழில் செய்யும் இச்சிங்கப்பூரிலேயே, அதுவும் நம் வியாபார வகுப்பைப் பற்றியே, ஒரு பாடம் இருக்கிறது.

1948 மார்ச் 20 அன்று சிங்கப்பூர்ச் சட்டசபைக்கு முதன்முதலாகத் தேர்தல் நடைபெற்றது. மக்கள் வாக்களித்துத் தெரிந்தெடுத்தவர் 6 பேர். அவர்களைத் தவிர 3 இடங்கள் வர்த்தக சங்கங்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. ஐரோப்பியக் கம்பெனிகள் மேலோங்கிய சிங்கப்பூர் வர்த்தக சங்கம், சீனர் வர்த்தக சங்கம், இந்தியர் வர்த்தக சங்கம் ஆகிய மூன்றும் ஆளுக்கொரு பிரதிநிதியை அனுப்பின. இந்தியர் வர்த்தக சங்கத்தின் சார்பில் அமர்ந்தவர் ராஜபாலி ஜுமாபாய்.

அன்று நகரின் மக்கள்தொகை 9 இலட்சத்துக்கு மேல். வாக்காளராகப் பதிந்திருந்தவரோ 22 ஆயிரத்துக்குச் சற்றே அதிகம். பிரிட்டிஷ் பிரஜைக்கு மட்டுமே வாக்கு. அவரும் தாமே முன்வந்து பதிந்துகொள்ள வேண்டும். வர்த்தக சங்கத்தில் அங்கம் வகித்த முதலாளிக்குச் சபையுள் நுழைய இரண்டு வாசல்கள் இருந்தன. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்க்கு இருந்தது ஒன்றே. அதுவும் பாதி திறந்த வாசல்.

"வியாபாரம்தானே இந்த ஊரை வாழ வைக்கிறது? வியாபாரிக்குத் தனி இடம் கொடுத்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். சரக்கின் விலையும் சுங்கத்தின் பாரமும் வியாபாரிக்கே நன்கு தெரியும் என்பது மெய்தான். ஆனால் விடியற்காலை கடை திறந்து, இரவு கணக்கு முடியும்வரை நின்று, கடையிலேயே உண்டு உறங்கிய சிப்பந்தியின் கஷ்டத்தை அவனையன்றி யார் எடுத்துரைப்பார்?

1953இல் அமைந்த ரெண்டல் கமிஷன் செய்த சிபாரிசுகளின்படி வர்த்தக சங்கங்களின் தனி இடங்கள் நீங்கின. வாக்காளர்களைச் சர்க்காரே பட்டியலில் சேர்த்தது. 1955 ஏப்ரல் தேர்தலில் வாக்காளர் தொகை 3 இலட்சமாயிற்று. டேவிட் மார்ஷலின் லேபர் பிரண்ட் கட்சி 10 இடங்களைப் பெற்று மந்திரிசபை அமைத்தது. முந்தைய சபைகளில் முன்னணியில் இருந்த புரோகிரஸிவ் கட்சிக்கு நான்கே கிடைத்தன.

சபைக்கு வெளியிலும் சிறியவர்கள் ஒன்றுகூடினர். 1954இல் சில நூறு பேரோடிருந்த தொழிற்சாலை, கடைத் தொழிலாளர் சங்கம், 1955 முடிவதற்குள் ஏறத்தாழ 30 ஆயிரம் பேரைச் சேர்த்துக்கொண்டது. அதன் செயலாளர் லிம் சின் சியோங் 1956இல் கைது செய்யப்பட்டார். ஆயினும் எழுந்த கோரிக்கை அடங்கவில்லை. 1957இல் கடைச் சிப்பந்திகளின் வேலை நேரத்தையும் விடுமுறையையும் வரையறுக்கும் சட்டம் பிறந்தது. 1968இல் அது வேலை நியமனச் சட்டத்தினுள் கலந்தது. சிப்பந்தியின் களைப்பு 1948இலும் இருந்தது. அதை எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியம் சபைக்கு அப்போது இல்லை. வித்தியாசம் அதுதான்.

நம்மவரிலும் இதற்குச் சான்றுண்டு. தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வாழ்ந்த கடையநல்லூர் மக்களில் துறைமுகத் தொழிலாளரும் சிறு வியாபாரிகளுமே மிகுதி. அவர்களுடைய முஸ்லிம் லீக் 1946இல் உமறுப் புலவர் பெயரால் தமிழ்ப் பள்ளியை நிறுவியது. 1982இல் மூடப்படும்வரை அப்பள்ளி பல தலைமுறைகளுக்குக் கல்வி தந்தது. தனித்தனியே எளியவராக இருந்தோர் சங்கமாகக் கூடியபோது ஒரு பள்ளிக்கூடமே எழுந்தது.

இனி இன்றைய நிலையைப் பார்ப்போம். சிராங்கூன் ரோட்டிலும் சுற்றியுள்ள வீதிகளிலும் நம் கடைகளில் வேலை செய்வோர் பலர் ஊரிலிருந்து அனுமதிச் சீட்டில் வந்தவர்கள். குடிமக்களல்லாத அவர்களுக்கு வாக்கில்லை. அவர்கள் இங்கிருப்பதே முதலாளி பெற்ற அனுமதியைப் பொறுத்தது. நமக்கோ வாக்குண்டு, வர்த்தக சங்கமுண்டு, அதிகாரிகளிடம் பேச வழியுமுண்டு. 1948இன் இரண்டு வாசல்கள் வேறு வடிவில் நம்மிடமே இருக்கின்றன.

செல்வம் செல்வர்களுக்குள்ளேயே சுற்றிவரலாகாது என்பது நம் மார்க்கத்தின் நெறி. கலந்தாலோசனையைப் பெயராகவே கொண்ட ஓர் அத்தியாயம் திருமறையில் இருக்கிறது. ஆகவே நாம் செய்யத்தக்கவை சில. சங்க நிர்வாகத்திலும் ஜமாஅத் காரியங்களிலும் நன்கொடையின் அளவைக் கொண்டு நாற்காலி போடும் வழக்கத்தை விட வேண்டும். கடையில் வேலை செய்வோரையும் கூட்டத்துக்கு அழைத்து, முதலில் அவர்களைப் பேசவிட வேண்டும். ஜகாத் கொடுத்துவிட்டோம் என்பதால் கூலிக் கடன் தீராது. ஜகாத் வேறு, கூலி வேறு என்பதை மறவாதிருக்க வேண்டும்.

சட்டம் வந்து நம்மைக் கட்டாயப்படுத்தும்வரை காத்திருப்பது வியாபாரிக்கு அழகன்று. ஏழையின் சொல் முதலில் ஏற வேண்டிய அம்பலம் நம் கடைத் திண்ணையே. அதற்கான நல்லெண்ணத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.