லாரியின் கிளச்சு: வழுக்கலும் நடுக்கமும்

காய்ச்சல் என்பது நோயன்று, நோயின் அறிகுறி. ஒரே காய்ச்சல் பல நோய்களில் தோன்றும். பழைய லாரிகளில் காணும் வழுக்கலும் நடுக்கமும் அத்தகைய அறிகுறிகளே. இவற்றைக் கண்டதும், "கிளச்சு பிளேட் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்கு" என்று முடிவு கட்டுவது வழக்கமாகிவிட்டது. அம் முடிவு சில வேளை சரியாகவும் இருக்கும். ஆயினும் அதற்கு முன் செய்ய வேண்டிய எளிய சோதனைகள் சில உண்டு. அவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இயற்பியலும் வேதியியலும் இலக்கியமும் பயிலும் நமக்கு லாரியோடு என்ன உறவு என்று நண்பர்கள் வினவலாம். நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் சரக்கேற்றிக்கொண்டு வடக்கே வரும் லாரிகளை நாம் நெடுஞ்சாலையில் அடிக்கடி காண்கிறோம். வழியில் வண்டி பழுதானால், இந்தி அறியாத டிரைவரும் தமிழறியாத மிஸ்திரியும் எதிரெதிரே நிற்பார்கள். இரு மொழியும் அறிந்த நம் மாணவர் ஒருவர் அங்கிருந்தால் பெருந்துணை. ஆனால், எதைக் கேட்பது என்று தெரியாதவன் மொழி தெரிந்தும் பயனில்லை.

கிளச்சு செய்யும் வேலை

எஞ்சினின் பின்முனையில் பிளைவீல் என்னும் கனத்த சக்கரம் சுழல்கிறது. இருபுறமும் உராய்வுப் பொருள் பதித்த வட்டத் தகடு ஒன்று அதன் முகத்தை ஒட்டி நிற்கிறது. இதுவே கிளச்சு பிளேட். இதன் பின்னால் பிரஷர் பிளேட் உள்ளது. பழைய லாரிகள் பலவற்றில் வலிய சுருள்வில்கள் பிரஷர் பிளேட்டைத் தள்ளி, கிளச்சு பிளேட்டைப் பிளைவீலோடு சேர்த்து அழுத்துகின்றன. கியர் பாக்ஸிலிருந்து வரும் தண்டு கிளச்சு பிளேட்டின் நடுத்துளையிலுள்ள பற்களில் பொருந்தியிருக்கிறது. டிரைவர் பெடலை மிதித்தால், கிளச்சு பேரிங் முன்னே நகர்ந்து, விரல்கள் போன்ற நெம்புகோல்களை அழுத்துகிறது, பிரஷர் பிளேட் பின்வாங்குகிறது, பிடி விடுகிறது.

இந்தப் பிடி முழுவதும் உராய்வினால் ஆனது. உராய்வு விசை அழுத்தும் விசைக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பதை 1699-இல் அமாந்தோன் எடுத்துரைத்தார். 1785-இல் கூலும் அதனை விரிவாக ஆராய்ந்தார். இவ்விதியின்படி, வில்களின் அழுத்தம், உராய்வெண், பிளேட்டின் சராசரி ஆரம் ஆகிய மூன்றையும் பெருக்கி, இரு முகங்கள் இருப்பதால் இரண்டால் மீண்டும் பெருக்கினால், கிளச்சு தாங்கக்கூடிய முறுக்குவிசை கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். அழுத்தம் 8000 நியூட்டன், உராய்வெண் 0.3, சராசரி ஆரம் 0.125 மீட்டர் என்று கொள்வோம். கிளச்சு 600 நியூட்டன்-மீட்டர் தாங்கும். எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 400 என்றால், ஒன்றரை மடங்கு காப்பு இருக்கிறது. இனி, தேய்மானத்தால் அழுத்தம் 6000-ஆகவும், சூட்டினால் உராய்வெண் 0.25-ஆகவும் குறைவதாகக் கொள்வோம். இப்போது கிளச்சு தாங்குவது 375 மட்டுமே. எஞ்சின் 400 தரும்போது பிடி தோற்கிறது. தனித்தனியே நோக்கினால் சிறிய குறைகள். சேர்ந்தால் வண்டி ஏற்றத்தில் நின்றுவிடுகிறது.

வழுக்கல்

வழுக்கலின் அடையாளம் யாது? எஞ்சின் வேகம் ஏறும். வண்டி வேகம் ஏறாது. இவ்விரண்டையும் ஒப்பிட வேண்டும். "வண்டி இழுக்கவில்லை" என்று டிரைவர் சொன்னால், உடனே கேட்க வேண்டிய கேள்வி: "இழுக்காதபோது எஞ்சின் சத்தம் ஏறுகிறதா, இறங்குகிறதா?" சத்தம் இறங்கினால் கிளச்சு பிடித்துக்கொண்டிருக்கிறது; குறை டீசல் பில்டர் அடைப்பிலோ, விடாமல் உராயும் பிரேக்கிலோ இருக்கலாம். சத்தம் மட்டும் ஏறினால் கிளச்சைச் சந்தேகிக்கலாம்.

வழுக்கல் முதலில் தோன்றுவது டாப் கியரில், பாரத்தோடு ஏற்றம் ஏறும்போதுதான். தாழ்ந்த கியரில் கியர் பாக்ஸ் முறுக்குவிசையைப் பெருக்கித் தருகிறது. ஆதலால் அதே ஏற்றத்துக்குக் கிளச்சு சுமக்கும் பங்கு குறைவு. டாப் கியரில் அவ்வுதவி இல்லை. எனவே, காலி வண்டியைச் சமதரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு "கிளச்சு நன்றாயிருக்கிறது" என்று கூறுவது சோதனையாகாது.

வழுக்கும் கிளச்சைப் பொறுத்துக்கொண்டு ஓட்டினால் என்ன நேரும்? கிளச்சு 375 நியூட்டன்-மீட்டரைக் கடத்திக்கொண்டே நிமிடத்துக்கு 300 சுற்று வழுக்குவதாகக் கொண்டால், ஏறத்தாழ 12 கிலோவாட் வெப்பம் அங்கே பிறக்கிறது. ஒரு கிலோவாட் மின்னடுப்புகள் பன்னிரண்டை அம் மூடிய கூட்டுக்குள் எரியவிட்டதற்கு ஒப்பாகும் இது. பிளேட் கருகும் வாடை இதனால்தான் எழுகிறது. பிளைவீல் நீலம் பாய்ந்து வெடிப்பதும் இதனால்தான். இன்று பெடலைச் சரிசெய்து தீர்க்கக்கூடிய குறை, நாளை பிளேட்டையும் பிளைவீலையும் பலிகொள்ளும்.

நடுக்கம்

நடுக்கம் வேறு வகையான குறை. வண்டியைக் கிளப்பும்போது, பெடலிலிருந்து காலை மெல்ல எடுக்கையில், வண்டி முழுவதும் உதறுகிறது. வடநாட்டு மிஸ்திரிகள் இதனை 'ஜட்கா' என்பார்கள். நிலை உராய்வு மிகுந்தும் நகர் உராய்வு குறைந்தும் இருக்கும்போது, பிளேட் ஒட்டிப் பின் நழுவி, மீண்டும் ஒட்டி மீண்டும் நழுவுகிறது. கரும்பலகையில் சுண்ணக்கட்டி கிறீச்சிடுவதும், வயலின் நரம்பு வில்லுக்கு ஒலிப்பதும் இவ்வாறே. உராய்வு முகத்தில் எண்ணெய் படிந்தாலும், பிளைவீலில் கருகல் திட்டுகள் இருந்தாலும், பிளேட் வளைந்தாலும், நெம்புகோல் விரல்களின் உயரம் ஒன்றுக்கொன்று மாறுபட்டாலும் நடுக்கம் தோன்றும்.

எனினும், நடுக்கத்தின் காரணம் கிளச்சுக்கு வெளியிலும் இருக்கலாம். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருந்தால், பிடி விழும்போது எஞ்சினே குலுங்கும். அக்குலுக்கம் கிளச்சின் பிடியை மாற்றி மேலும் குலுக்கும். பின்அச்சைப் பட்டைவில்லோடு பிணைக்கும் யூ-போல்ட்டுகள் தளர்ந்தாலும் இதே உதறல் உண்டாகும்.

இவற்றைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. கிளம்பும்போது மட்டும் நடுங்கி, பெடலை முழுவதும் விட்டபின் அடங்கினால், கிளச்சையும் மவுண்டிங்கையும் பார்க்க வேண்டும். பெடலை விட்டபின்னும் அதிர்ந்து, வேகம் கூடக் கூட அதிர்வும் கூடினால், புரொப்பல்லர் ஷாப்டையும், அதன் கிராஸ் மூட்டுகளையும், நடு பேரிங்கையும் பார்க்க வேண்டும். ஒரே ஒருமுறை 'டக்' என்ற ஓசை மட்டும் கேட்டால், மூட்டிலோ டிபரன்ஷியல் பற்களிலோ இடைவெளி மிகுந்திருக்கக்கூடும்.

சோதனையின் வரிசை

முதலாவது, பெடல். கையால் மெல்ல அழுத்தினால், கனம் தெரியும்முன் அது சிறிது வெறுமனே இறங்க வேண்டும். பல பழைய வண்டிகளில் இது ஓர் அங்குலம் அளவில் இருக்கும். சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் உண்டு. பிளேட் தேயத் தேய விரல்கள் பேரிங்கை நோக்கி வந்து இவ்விடைவெளியைத் தின்றுவிடும். பின்னர் பேரிங் எப்போதும் விரல்களை அழுத்திக்கொண்டிருக்கும். டிரைவர் மிதிக்காமலே கிளச்சு பாதி மிதிபட்ட நிலை அது. இதற்கு மருந்து ஒரு ஸ்பானர் மட்டுமே. அளவுக்கு மிஞ்சித் தளர்த்தினாலோ பிடி முழுவதும் விடாமல் கியர் கரகரக்கும்.

இரண்டாவது, டிரைவரின் கால். ஓடும்போது பெடல்மீது காலை வைத்திருக்கும் பழக்கமும் வழுக்கலை உண்டாக்கும். மூத்த டிரைவரிடம் இதைக் கேட்கும்போது பணிவோடு கேட்க வேண்டும்.

மூன்றாவது, மவுண்டிங்குகளும் போல்ட்டுகளும். விளக்கு ஒன்றும் ஸ்பானர் ஒன்றும் போதும்.

நான்காவது, எண்ணெய். கிளச்சுக் கூட்டின் அடித்துளையில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறுத்து நீர்த்திருந்தால் எஞ்சின் எண்ணெய். பிசுபிசுத்துக் கந்தக வாடை வீசினால் கியர் எண்ணெய். முன்னது எஞ்சினின் பின் சீலிலிருந்தும், பின்னது கியர் பாக்ஸின் முன் சீலிலிருந்தும் வருகின்றன. சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால், புதுப் பிளேட்டும் விரைவில் நனையும்.

ஐந்தாவது, நிறுத்திச் சோதித்தல். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, டாப் கியரில் கிளச்சை மெல்ல விட வேண்டும். நல்ல கிளச்சானால் எஞ்சின் உடனே நின்றுவிடும். நிற்காமல் ஓடினால் வழுக்குகிறது என்பது உறுதி. இதை ஒருமுறைக்கு மேல் செய்யலாகாது, சூடே மிஞ்சும். வண்டிக்கு முன்னும் பின்னும் எவரும் நிற்கக் கூடாது.

இவ்வளவும் பார்த்த பின்னரும் குறை தீரவில்லையானால், கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். இறக்கிய பின் கவனிக்க வேண்டியது ஒன்று. பழைய பிளேட்டுகளில் கல்நார் கலந்திருக்கலாம். அத்தூளைக் காற்றடித்து ஊதினால் அது நுரையீரலில் புகும். ஆண்டுகள் பல கழித்துப் புற்றுநோயாகவும் வெளிப்படலாம். ஈரத்துணியால் துடைக்குமாறு சொல்ல வேண்டும். மிஸ்திரியின் கையாளாக நிற்கும் சிறுவனை அவ்வேளையில் அப்பால் அனுப்பச் சொல்வதும் நம் கடமையாகும்.

கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்கு ஒரு நாளாவது செல்லும். அந்நாளின் வருவாயை இழப்பவர் ஊரைவிட்டு நெடுந்தூரம் வந்த டிரைவர். வண்டி அவருடையதேயானால் கடன் தவணையும் காத்திருக்கும். வெளியிலிருந்து உள்ளே, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்கு என்னும் வரிசையில் கேள்வி கேட்டால், அவற்றுள் பல நாட்கள் மிஞ்சும். ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் முறையும் இதுவே. அடுத்த முறை சாலையோரம் தமிழ்நாட்டு லாரி ஒன்று நின்றிருக்கக் கண்டால், அருகே சென்று விசாரியுங்கள். முதலில் பெடலை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.